பி.கே.பி. முடியட்டும் என்று புண் காத்திருக்காது

2021-இல், கோவிட் ஊரடங்கின்போது என்னிடம் வந்தவர் ஐம்பது வயதைக் கடந்த லாரி ஓட்டுநர். அந்த ஆண்டு மே மாதத்தில் அவருடைய வலது கால் கட்டைவிரலில் ஒரு கொப்புளம் எழுந்திருக்கிறது. அதை முதலில் பார்த்தவர் அவர் மனைவி. ஓட்டுநருக்கு வலியே தெரியவில்லை. மஞ்சளையும் தேங்காய் எண்ணெயையும் குழைத்துப் பூசி, துணி சுற்றி, பி.கே.பி. (கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை) முடிந்ததும் டாக்டரிடம் காட்டலாம் என்று இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். நான் அந்தக் கட்டைப் பிரித்தபோது விரல் முழுவதும் கறுத்திருந்தது, சிவப்பு கணுக்கால் வரை ஏறியிருந்தது, காய்ச்சலும் தொடங்கியிருந்தது. அன்றே கடிதம் எழுதி மருத்துவமனைக்கு அனுப்பினேன். விரலை எடுத்துவிட்டார்கள். பாதத்தின் மீதிப் பகுதி நிலைக்குமா என்பது அப்போது தெரியவில்லை. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன், ஆனால் புண்ணின் கதையில் எதையும் மாற்றவில்லை.

கோலாலம்பூரில் ஜாலான் ஈப்போ வட்டாரத்தில் கிளினிக் நடத்தும் பொது மருத்துவர் நான். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த நாளிலிருந்து இதே கதையோடு வந்தவர்களில் இவர் முதலாமவராக இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். இனிப்பு நீர் (நீரிழிவு நோய்) உள்ளவர்கள், கால் புண் உள்ளவர்கள், மாத மருந்து தீர்ந்து பல வாரங்களான பின்னும் வராதவர்கள் என ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டால் எல்லாருடைய வாயிலிருந்தும் ஒரே பதில்தான் வந்தது: “பி.கே.பி. ஆயிற்றே டாக்டர், வெளியே போகக் கூடாது என்றார்களே.”

இல்லை, சிகிச்சைக்குப் போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் சொல்லத் தயாராக இருக்கிறேன். 2020 மார்ச் 18 அன்று முதல் ஆணை நடைமுறைக்கு வந்தபோதே மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் மருந்தகங்களும் அத்தியாவசியச் சேவைகளின் பட்டியலில் இருந்தன. பள்ளிகள் மூடப்பட்டன, கோயில்கள் மூடப்பட்டன, முடிதிருத்தும் கடைகள் மூடப்பட்டன, ஆனால் ஒரு நாள்கூடச் சிகிச்சை தடை செய்யப்படவில்லை. 2021 ஜூன் 1 முதல் நடப்பில் இருந்த முழு ஊரடங்கிலும், பொருள் வாங்க ஒரு வீட்டிலிருந்து இருவர் மட்டுமே போகலாம் என்று கட்டுப்படுத்திய அதே எஸ்.ஓ.பி. எனும் நடைமுறை விதி, மருத்துவத் தேவைக்கு நோயாளியையும் சேர்த்து மூவர் போகலாம் என்று கூறியது. கறிகாய் வாங்கப் போவோருக்குக் கொடுத்ததைவிட நோயாளிக்கு ஓர் இடம் கூடுதலாகவே கொடுத்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான் போகலாம் என்ற அன்றைய எல்லையைக் காரணம் காட்டியவர்கள் பலர். அதே பத்து கிலோமீட்டரைத் தாண்டி, தடுப்பூசிக்காக உலக வாணிப மையத்திற்குச் சென்று வந்த பெரியவர்களும் தங்கள் கிளினிக் தேதியை மட்டும் விட்டுவிட்டார்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டது மிகவும் நல்லது, இனிப்பு நீர் உள்ளவர்கள் அதைத் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் அதற்குப் போக முடிந்த கால் இதற்கும் போகலாம்.

சாலைத் தடுப்பில் போலீஸ் நிறுத்தும், பத்தாயிரம் ரிங்கிட் அபராதம் போடும் என்ற அச்சத்தை நான் அலட்சியமாகப் பார்க்கவில்லை. 2021 மார்ச் மாதம் தனிநபருக்கான அபராதத்தின் உச்ச வரம்பை ஆயிரத்திலிருந்து பத்தாயிரமாக உயர்த்தியதிலிருந்து, நாள்கூலியில் வாழும் குடும்பங்கள் வாசலைத் தாண்டவே நடுங்கின. அந்த அபராதம் விதியை மீறியோருக்கானது. உங்கள் கிளினிக் அட்டையையோ, சந்திப்புத் தேதி உள்ள சீட்டையோ, அதுவும் இல்லையென்றால் காலியான மருந்துப் பையையோ கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அப்போது சொன்னேன். அந்தப் பையின் மீது உங்கள் பெயரும் மருந்தின் பெயரும் அச்சிடப்பட்டிருக்கும். புண் இருந்தால் அதையே காட்டுங்கள் என்றேன். இப்படிக் காட்டிய பிறகும் திருப்பி அனுப்பப்பட்டதாக என் நோயாளிகளில் ஒருவரும் இதுவரை என்னிடம் சொன்னதில்லை.

இந்தக் குழப்பத்திற்கு மக்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது என்பதையும் சொல்ல வேண்டும். 2020-இன் தொடக்கத்தில் அவசரமில்லாத பல சந்திப்புகளை அரசாங்க மருத்துவமனைகளே தள்ளிவைத்தன. வீட்டிலேயே இருங்கள் என்று தொலைக்காட்சியில் ஒவ்வொரு மாலையும் சொன்னார்கள், நாமும் சொன்னோம். அந்த நேரத்தில் அது சரியான அறிவுரை. ஆனால் சந்திப்பைத் தள்ளிவைத்த மருத்துவமனை மருந்தைத் தள்ளிவைக்கவில்லை. தேதி மாறும், மாத்திரை மாறாது என்ற இரண்டாவது பாதி எங்கள் மக்களில் பலருக்குப் போய்ச் சேரவே இல்லை.

என்னை மிகவும் வருத்துவது அந்த “முடியட்டும்” என்ற சொல். எது முடியட்டும்? முதல் ஆணை மார்ச் 31 வரை, இரண்டே வாரங்கள் என்றுதான் அறிவிக்கப்பட்டது. அது ஏப்ரல் 14 ஆகி, 28 ஆகி, மே மாதத்தில் நிபந்தனையுடன் கூடிய ஆணையாக மாறி, ஜூன் 10 முதல் மீட்சிக் கால ஆணையாக நீண்டது. அக்டோபரில் கோலாலம்பூருக்கும் சிலாங்கூருக்கும் நிபந்தனை ஆணை திரும்பி வந்தது. 2021 ஜனவரி 13 அன்று மீண்டும் பி.கே.பி., மார்ச்சில் சிறிது தளர்வு, மே மாதத்தில் மறுபடியும் பி.கே.பி., ஜூனில் முழு ஊரடங்கு. ஜூன் 14 வரை என்றார்கள், பிறகு 28 வரை என்றார்கள். பிறகு, அன்றாடத் தொற்று 4,000-க்குக் கீழே இறங்கும் வரை என்று ஜூன் 27 அன்று அப்போதைய பிரதமர் அறிவித்துவிட்டார். நாளுக்கு ஐயாயிரத்துக்கும் மேல் பதிவாகிக்கொண்டிருந்தபோது அது எந்த மாதம் என்று யாரால் சொல்ல முடிந்திருக்கும்? முடிவுத் தேதியே இல்லாத ஒன்று முடிவதற்காக, நாள் கணக்கில் பரவும் ஒரு புண்ணை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். தயவு செய்து இந்தக் கணக்கை ஒரு முறை நிதானமாகப் போட்டுப் பாருங்கள்.

நம் சமூகத்திற்கு இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். பெரியவர்கள் அனைவரிலும் 8.9 விழுக்காட்டினர், அதாவது அந்த 18.3-இல் ஏறக்குறைய பாதிப் பேர், தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாதவர்கள். கோவிட் தொற்று கண்டால் கடுமையாகப் பாதிக்கப்படுவோரிலும் இனிப்பு நீர் உள்ளவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். கிருமிக்குப் பயந்து கிளினிக்கைத் தவிர்ப்பவர், சர்க்கரையைக் கட்டுப்பாடின்றி விட்டு, அதே கிருமிக்குத் தம் உடலைப் பலவீனமாக்கிக்கொள்கிறார்.

வீட்டுக்குள் அடைந்திருந்த வாழ்க்கையும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்குச் சாதகமாக இல்லை. வேலை நின்றுவிட்டது, நடை நின்றுவிட்டது, பி.பி.ஆர். எனும் அரசாங்க மலிவு விலை அடுக்குமாடியின் சிறிய கூடத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தார்கள், பொழுது போகாததால் நான்கு வேளை மைலோவோ டின் பால் ஊற்றிய தேநீரோ குடித்தார்கள். உதவிக் கூடைகளைக் கொண்டுவந்து கொடுக்கும் அன்பர்களிடம் இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள்: அரிசி, சீனி, மீ பாக்கெட், பிஸ்கட், டின் பால் ஆகியவை பசியை ஆற்றும், அதற்காக உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்; ஆனால் சீனிக்கும் டின் பாலுக்கும் பதிலாக முட்டை, பருப்பு, நெத்திலி, மத்தி டின் ஆகியவற்றைக் கூட்டி வையுங்கள். அந்த வீட்டில் ஒருவருக்காவது இனிப்பு நீர் இருக்கும் என்று எண்ணியே கூடையைக் கட்டுங்கள்.

மருந்தைப் பற்றி. மாத்திரை தீர்ந்துவிடக் கூடாது என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுகிறவர்களும், சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறவர்களும் அப்போது என் கிளினிக்கில் வழக்கமாகிவிட்டார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அரசாங்க மருத்துவமனையில் மருந்து பெறுகிறவர்கள் மருந்தகத்தை அழைத்து, தபால் வழியாக அனுப்பும் சேவையைக் கேட்கலாம். காரை விட்டு இறங்காமலே வாங்கிச் செல்லும் முகப்புகள் பல மருத்துவமனைகளில் உள்ளன. மருத்துவமனை தொலைவு என்றால், எஸ்.பி.யு.பி. எனும் ஒருங்கிணைந்த மருந்து வழங்கும் முறையில் பதிந்துகொண்டு வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கிலேயே அடுத்தடுத்த மாத மருந்தைப் பெறலாம். இவை கோவிட் பரவலுக்காகப் புதிதாகத் தொடங்கியவை அல்ல, பல ஆண்டுகளாக இருப்பவைதான். கேட்டால் கிடைக்கும், கேட்காதவரைத் தேடி வராது. இன்சுலினைச் சேமித்து வைக்கிறேன் என்று ஐஸ் கட்டும் தட்டில் வைத்துவிடாதீர்கள். உறைந்த இன்சுலின் உதவாது, தூக்கி எறியத்தான் வேண்டும். திறக்காத இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியின் சாதாரணத் தட்டில் இருக்கட்டும்.

கால்களைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வலிக்கவில்லை என்பதால் ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். பல ஆண்டு இனிப்பு நீரில் பாத நரம்புகள் உணர்வை இழந்திருக்கும், வலிக்காததுதான் அங்கே ஆபத்து. வீட்டில்தானே இருக்கிறோம் என்று வெறுங்காலோடு நடக்காதீர்கள், வீட்டுக்குள்ளும் மென்மையான சிலிப்பர் போடுங்கள். உப்புக் கலந்த வெந்நீரில் காலை ஊற வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். சூடு தெரியாத கால் வெந்துபோவதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். காய்ப்பையும் ஆணிக்காலையும் பிளேடால் சீவாதீர்கள். நகத்தை ஓரம் வளைத்து ஆழமாக வெட்டாமல் நேராக வெட்டுங்கள். புண்ணின் மீது மஞ்சள், பற்பசை, காப்பித் தூள் எதையும் அப்பாதீர்கள், அவற்றைக் கழுவி எடுத்த பிறகுதான் என்னால் புண்ணையே பார்க்க முடிகிறது. ஒவ்வொரு இரவும் பாதத்தின் அடியையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். குனிய முடியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும், அல்லது தரையில் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல பொறுப்பு.

கொப்புளம், வெடிப்பு, சிவப்பு, வீக்கம், ஒரு காலில் மட்டும் சூடு, நீர் கசிவு, நாற்றம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அடுத்த நாளுக்குள் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். கறுத்துப் போனாலோ, காய்ச்சலும் குளிரும் சேர்ந்தாலோ, கிளினிக்கில் நேரத்தைக் கழிக்காமல் நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி உள்ளவர்கள், அது தொடர்ந்து லிட்டருக்கு 15 மில்லிமோலுக்கு மேல் காட்டினால் உடனே கிளினிக்கை அழையுங்கள். நெஞ்சு வலி, முகம் ஒரு பக்கம் கோணுதல், பேச்சுக் குழறல், கை தளர்தல் ஆகியவற்றிற்கு அவசர எண் 999-ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுப்பதற்கு நான்கரை மணி நேரம்தான் எங்களிடம் இருக்கிறது. காலையில் தொடங்கியதை மாலையில் சொன்னால் அந்த வாய்ப்புப் போய்விடுகிறது.

பிள்ளைகளே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கோவிட் காலத்தில் காரை எடுத்துச் சென்றதும், மைசெஜாத்ரா எனும் கைப்பேசிச் செயலியைத் திறந்து பதிவு செய்ததும், போலீசிடம் பேசியதும் பல வீடுகளில் நீங்கள்தான். உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று அம்மாவும் அப்பாவும் புண்ணை மறைக்கிறார்கள், மருந்து தீர்ந்ததை மறைக்கிறார்கள். வேறொரு ஊரில் இருப்பவர்கள், அடுத்த முறை காணொளியில் பேசும்போது சாப்பிட்டீர்களா என்று கேட்டதோடு நிறுத்தாமல் பாதத்தைக் காட்டச் சொல்லுங்கள், மருந்துப் பையைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வாரத்திற்கும் குறைவாக மாத்திரை மீதம் இருந்தால் அன்றே மருந்தகத்தை அழையுங்கள்.

வேலை போய்விட்டது, தனியார் கிளினிக்கிற்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்குகிறவர்கள் அரசாங்கச் சுகாதார கிளினிக்கிற்குச் செல்லுங்கள். குடிமக்களுக்கு அங்கே வெளிநோயாளிக் கட்டணம் ஒரு ரிங்கிட், மருந்தும் அதற்குள் அடக்கம். கூட்டத்தில் கிருமி தொற்றிவிடும் என்று அஞ்சினால் முதலில் தொலைபேசியில் அழைத்து, காலில் புண் இருக்கிறது, இனிப்பு நீர் உண்டு என்ற இரண்டையும் சொல்லி, எந்த நேரத்தில் வரலாம் என்று கேளுங்கள். முகக்கவரியைச் சரியாக அணியுங்கள், துணைக்கு ஒருவரை மட்டும் அழைத்து வாருங்கள், பழைய மருந்து எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள். மருந்தை எத்தனை நாள் விட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டோம், அளவை முடிவு செய்ய அது எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.