என்டார்டெட்ட மூசிக்: ‘சீரழிந்த இசை’ என்பது சரியா?

நாஜிகள் யூத இசையமைப்பாளர்கள், ஜாஸ் கலைஞர்கள் போன்றோரின் படைப்புகளுக்குக் குத்திய முத்திரை ‘என்டார்டெட்ட மூசிக்’. தமிழில் ‘சீரழிந்த இசை’ என்று சட்டென எழுதிவிடத் தோன்றும். அதில் மூலச்சொல்லின் நஞ்சு வரவில்லை.

ஜெர்மனில் ‘ஆர்ட்’ என்றால் வகை, இனம். ‘என்ட்’ என்ற முன்னொட்டு அதிலிருந்து விலகியதைக் காட்டும். தன் இனத்துக்குரிய இயல்பை இழந்தது என்பதே நேர்ப்பொருள். ஆங்கிலத்தின் ‘டிஜெனரேட்’டும் இதே வார்ப்புதான், லத்தீனில் ‘ஜீனஸ்’ என்றால் இனம். உயிரியலிலும் மருத்துவத்திலும் புழங்கிய இச்சொல்லை 1892இல் கலையின் மீது ஏவியவர் மாக்ஸ் நோர்டாவ். அவரே ஒரு யூத மருத்துவர். அவர் சாடியவர்களுள் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரும் ஒருவர். பின்னாளில் ஹிட்லர் தலையில் வைத்துக் கொண்டாடிய அதே வாக்னர்.

1938 மே மாதம் ஜெர்மனியின் டுசெல்டார்ஃபில் இந்தப் பெயரிலேயே கண்காட்சி வைத்தார்கள். அதன் சுவரொட்டியில் ஒரு கறுப்பினக் கலைஞர் சாக்சபோன் வாசிக்கிறார். முகம் கேலிச்சித்திரமாகத் திரிக்கப்பட்டிருக்கிறது, கோட்டில் யூதர்களின் ஆறுமுனை நட்சத்திரம். அங்கே இசையின் தரம் பேச்சே இல்லை. யார் இசை என்பதுதான் பேச்சு. ‘சீரழிந்த’ என்பது தரத்தை மட்டும் சொல்கிறது. நம் ஊரில் ‘குலங்கெட்டவன்’ என்று வைவார்களே, அந்தக் கொடுமைதான் மூலச்சொல்லில் இருக்கிறது. ஆகவே ‘இனங்கெட்ட இசை’ என்பதே நெருக்கமான தமிழ். அதையும் எப்போதும் மேற்கோள் குறிக்குள்தான் எழுத வேண்டும். அது வசவு, வைதவன் வாயோடு நிற்கட்டும்.

யூத இசையமைப்பாளர் பெர்டோல்ட் கோல்ட்ஷ்மிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1903இல் ஹாம்பர்கில் பிறந்தவர். அவருடைய முதல் ஓப்பரா (இசைநாடகம்) 1932இல் மன்ஹைமில் அரங்கேறியது. நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் பெர்லினில் நடக்கவிருந்த மேடையேற்றம் நின்றுபோனது. 1935இல் லண்டனுக்குத் தப்பினார். அங்கே அவர் எழுதிய ‘பெயாட்ரீசே சென்சி’ ஓப்பரா 1951இல் போட்டியில் பரிசு வென்றும் மேடை காணவில்லை. இசையமைப்பாளர் மாலரின் முடிவுறாத பத்தாம் சிம்பொனியை, இசையறிஞர் டெரிக் குக் நிறைவுசெய்த வடிவில், 1964இல் நடத்திக்காட்டியவர் இவர்தான். ஆனால் சொந்தமாக எழுதுவதை 1958லேயே நிறுத்தியிருந்தார். 1982இல்தான், கிளாரினெட்டும் சேர்ந்த ஒரு நால்வர் இசைப் படைப்புக்காக, மறுபடி பேனா எடுத்தார். இடைப்பட்ட அந்த 24 ஆண்டு மௌனத்தை ‘சீரழிவு’ என்ற சொல்லால் எப்படிச் சுட்டுவது?

தொண்ணூறுகளில் டெக்கா இசைத்தட்டு நிறுவனம் இத்தகைய படைப்புகளைத் தேடிப் பதிவுசெய்தது. தொடருக்கு நாஜிகளின் வசவையே பெயராக வைத்தது. கோல்ட்ஷ்மிட்டின் முதல் ஓப்பராவும் அதில் உண்டு. துணிச்சலான பெயர்தான். ஆனாலும் எனக்கு ஜெர்மானியரின் இன்னொரு சொல்லே பிடிக்கிறது: ‘ஃபெர்ஃபெம்ட’. ‘ஃபேமெ’ என்பது இடைக்காலத்தில் வெஸ்ட்ஃபாலியாவில் இருந்த வழக்குமன்றம். அது ஒருவரை விலக்கிவைத்தால் அவருக்குச் சட்டத்தின் காப்பு இல்லை. தமிழில் இதற்கு ஏற்ற சொல் ஊர்ப்பஞ்சாயத்திலேயே இருக்கிறது: தள்ளிவைத்தல்.

‘தள்ளிவைத்த இசை’ என்றால் குற்றம் தள்ளியவர் மேல் விழுகிறது. திரும்ப அழைக்க வேண்டிய கடனும் அந்தச் சொல்லிலேயே தெரிகிறது. ‘பெயாட்ரீசே சென்சி’ கடைசியில் மேடையேறியது 1994இல், ஜெர்மனியின் மாக்டெபர்கில். கோல்ட்ஷ்மிட்டுக்கு அப்போது வயது 91.