கட்டுச்சோறு சுமக்கும் விமானங்கள்

1943-ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போர்க் காலம். இலங்கையில் காலி நகருக்குப் பக்கத்தில் உள்ள கொக்கலை ஏரியில் ஒரு கேட்டலினா விமானம் மிதக்கிறது. படகு மாதிரி அடிப்பாகம், மேலே அகன்ற இறக்கை, அதில் இரண்டு இன்ஜின்கள். அது போக வேண்டிய ஊர் ஆஸ்திரேலியாவின் பெர்த். நடுவில் 5,600 கிலோமீட்டருக்கு மேல் இந்தியப் பெருங்கடல். எங்கும் நிற்காமல் போக வேண்டும்.

அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அதோடு ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே இருந்த வான்வழி அறுந்துபோனது. அதை மறுபடி இணைக்கத்தான் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் விமான நிறுவனம் ஐந்து கேட்டலினாக்களை வைத்து இந்தச் சேவையைத் தொடங்கியது. எதிரியின் காதில் விழக் கூடாது என்பதால் வழியில் ரேடியோ பேச்சு கிடையாது. நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் திசை கண்டார்கள். அந்த நட்சத்திரங்களின் பெயர்களையே விமானங்களுக்கும் வைத்தார்கள்: ஆல்டேர், வேகா, ரைஜெல், அண்டாரீஸ், ஸ்பைகா. இவற்றில் ஆல்டேர் நம் பஞ்சாங்கத்துத் திருவோணம், அண்டாரீஸ் கேட்டை, ஸ்பைகா சித்திரை.

ஒரு பயணத்துக்கு 27 முதல் 33 மணி நேரம் பிடித்தது. வானத்தில் இருக்கும்போதே இரண்டு முறை சூரியன் உதிக்கும். அதனால் இந்தப் பயணங்களுக்கு இரட்டைச் சூரியோதயம் என்றே பெயர் வந்துவிட்டது. 1945 வரை 271 முறை கடலைக் கடந்தார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. விமான வரலாற்றில் இதைவிட அமைதியான வீரம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

இதில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதன் சுமைக் கணக்கை. எரிபொருள் சுமார் 9,000 லிட்டர், அதாவது ஆறு டன்னுக்கும் மேல். எடையைக் குறைக்க விமானத்துக்குள் குளிர் தாக்காமல் இருக்கப் பொருத்தியிருந்த உறைகளைக்கூடக் கழற்றிவிட்டார்கள். இவ்வளவும் செய்து ஏற்ற முடிந்தது என்ன? அதிகபட்சம் மூன்று பயணிகள், 69 கிலோ தபால்.

நெடுந்தூர விமானப் பயணத்தின் அடிப்படைச் சிக்கல் முழுவதும் இந்தக் கணக்குக்குள் இருக்கிறது. கட்டிக்கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு வரும் என்பார்கள். நடைப்பயணம் போகிறவர் பத்து நாளைக்கான சோற்றை முதல் நாளே தலையில் தூக்கிவைத்துக்கொண்டு கிளம்புவதாக நினைத்துப் பாருங்கள். மூட்டை கனமாக இருப்பதால் பசி அதிகம் எடுக்கும். அந்தப் பசிக்கும் சேர்த்துக் கூடுதல் சோறு கட்ட வேண்டும். அந்தக் கூடுதல் சோற்றையும் அவரேதான் சுமக்க வேண்டும். விமானமும் அப்படித்தான். பதினைந்து மணி நேரத்துக்கு மேல் பறக்கும்போது, கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு டன் எரிபொருளிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த எரிபொருளைச் சுமப்பதற்கே எரிந்துபோகிறது. அதனால் தூரம் கூடக் கூடத் தேவைப்படும் எரிபொருள் நேர்விகிதத்தில் கூடாது, அதைவிட வேகமாகக் கூடும்.

நெடுந்தூர விமானங்கள் பறக்கும் விதத்திலேயே இதைப் பார்க்கலாம். கிளம்பும்போது கனம் அதிகம், அதனால் முதலில் 30,000 அடியை ஒட்டித்தான் பறக்கும். எரிபொருள் கரையக் கரைய விமானம் இலேசாகும்; அப்புறம் படிப்படியாக ஏறி, கடைசியில் 40,000 அடிக்குப் பக்கத்தில் போய்விடும். மேலே காற்று மெல்லியது, எதிர்ப்பு குறைவு. முன்னிருக்கைத் திரையில் உயரத்தைக் கவனித்துக்கொண்டே வந்தால் இந்தப் படிகள் தெரியும்.

சரி, கட்டுச்சோறு கனம் என்றால் வழியில் சத்திரங்களில் சாப்பிட்டுப் போகலாமே? பல பத்தாண்டுகளுக்கு அதைத்தான் செய்தார்கள். 1947 டிசம்பர் 1 அன்று கான்ஸ்டலேஷன் விமானம் ஒன்று 29 பயணிகளுடன் சிட்னியிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என்று தாவித் தாவிப் போனது. சிங்கப்பூரிலும் கெய்ரோவிலும் இரவுத் தங்கல். மொத்தம் நான்கு நாள். தாவிப் போவதால் இதற்குக் கங்காரு வழித்தடம் என்று பெயர். ஜெட் விமானங்கள் வந்த பிறகு வேகம் கூடியது, நிறுத்தங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன, கடைசியில் ஒரே ஒரு நிறுத்தம் மிஞ்சியது. அந்த ஒன்றை எடுக்கத்தான் இத்தனை காலம் ஆகிறது.

தூரத்தைக் கடக்க முடியாமல் இல்லை. 1976-லேயே, உடலைச் சுமார் 14 மீட்டர் குட்டையாக்கிய போயிங் 747எஸ்பி விமானம் ஒன்று அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்திலிருந்து கேப் டவுனுக்கு 16,500 கிலோமீட்டருக்கு மேல் நிற்காமல் பறந்தது. 1989 ஆகஸ்டில் குவாண்டாஸின் புதிய 747-400 லண்டனிலிருந்து சிட்னிக்கு 20 மணி 9 நிமிடத்தில் நேராக வந்து சேர்ந்தது. ஒரே கொள்ளளவில் அதிக ஆற்றல் கொள்ளும்படி அடர்த்தி கூடிய எரிபொருளைத் தனியாகத் தயாரித்து, தொட்டிகள் தளும்பத் தளும்ப 180 டன்னுக்கு மேல் நிரப்பினார்கள். கட்டணம் கொடுத்த பயணி ஒருவர்கூட அதில் இல்லை! தூரத்தை வென்றாயிற்று, ஆனால் ஆட்களை இறக்கிவிட்டுத்தான்.

ஆட்களோடு போவதற்கான முதல் பெரிய முயற்சி 2004-இல் நடந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஏர்பஸ் ஏ340-500 விமானத்தில் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கை ஒட்டிய நியூவார்க்குக்குச் சுமார் 18 மணி நேரத்தில் நேரடியாகப் பறந்தது. ஆனால் அதற்கு நான்கு இன்ஜின்கள், தீராத பசி. 2008-இல் இருக்கைகளை 100-ஆகக் குறைத்து எல்லாவற்றையும் பிசினஸ் வகுப்பாக்கினார்கள். அப்படியும் கட்டுப்படியாகவில்லை. 2013 நவம்பரில் சேவை நின்றது.

நான்கு இன்ஜின் எதற்கு என்ற கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய விதி இருக்கிறது. இரண்டு இன்ஜின் விமானத்தில் ஒன்று பழுதானால் மிச்சமுள்ள ஒன்றை நம்பி எவ்வளவு நேரம் பறக்கலாம்? அமெரிக்காவில் 1953-இல் போட்ட விதி 60 நிமிடம் என்றது. அதாவது வழி நெடுக ஏதாவதொரு விமான நிலையம் ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருக்க வேண்டும். பெருங்கடல்களில் அது நடக்காது. ஜெட் இன்ஜின்களின் நம்பகத்தன்மை கூடக் கூட இந்த வரம்பும் தளர்ந்தது. 1985-இல் 120 நிமிடமானது, பிறகு 180 ஆனது. இன்றைய ஏர்பஸ் ஏ350-900-க்கு 370 நிமிடம் வரை அனுமதி உண்டு. நீண்ட வழிகளைத் திறந்துவிட்டதில் எந்தக் கண்டுபிடிப்புக்கும் குறையாத பங்கு இந்த விதித் தளர்வுக்கு உண்டு என்பேன்.

இன்ஜினும் மாறியது. பழைய ஜெட் இன்ஜின் கொஞ்சம் காற்றை மிக வேகமாகப் பின்னே தள்ளும். இப்போதையது, முன்னால் உள்ள பெரிய விசிறியால் நிறையக் காற்றை நிதானமான வேகத்தில் தள்ளுகிறது. அதே உந்துவிசை, குறைந்த எரிபொருள். கூடவே விமானத்தின் உடலும் இளைத்தது: போயிங் 787-இன் எடையில் ஏறக்குறைய பாதி, அலுமினியத்துக்குப் பதில் கார்பன் இழைக் கலவை. 2018 மார்ச்சில் இந்த ரக விமானம்தான் பெர்த்திலிருந்து லண்டனுக்கு 14,498 கிலோமீட்டரைச் சுமார் 17 மணி நேரத்தில், 236 இருக்கைகளோடு கடக்கத் தொடங்கியது.

அதே ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர் - நியூவார்க் சேவையும் உயிர்பெற்றது, இரண்டே இன்ஜின் கொண்ட, மிக நீண்ட தூரத்துக்கென்றே செய்த ஏ350-900யூஎல்ஆர் விமானத்தில். அதன் தொட்டிகளில் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். எடையில் சுமார் 130 டன். தரையிலிருந்து எழும்போது விமானத்தின் மொத்த எடை 280 டன் வரை போகலாம் என்றால், அதில் கிட்டத்தட்டப் பாதி எரிபொருள்! இருக்கைகள் 161 மட்டுமே. ஆளுக்குப் பெட்டியோடு 100 கிலோ என்று வைத்துக்கொண்டாலும் 16 டன்தான். எரிபொருளை மட்டும் பார்த்தால், நடுவில் ஓர் இடத்தில் இறங்கிப் போவதுதான் பல நேரம் சிக்கனம். மிச்சமாவது மனிதர்களின் நேரம். அதற்குத்தான் அதிகக் கட்டணம்.

இன்னும் பாக்கி இருப்பது சிட்னி - லண்டன், சுமார் 17,000 கிலோமீட்டர். குவாண்டாஸ் இந்தத் திட்டத்துக்கு வைத்த பெயர் 'சன்ரைஸ்'. கொக்கலையை மறக்கவில்லை. 2019 நவம்பர் 14 அன்று விடியும் முன்பே லண்டனிலிருந்து கிளம்பிய சோதனை விமானம், 19 மணி 19 நிமிடம் பறந்து மறுநாள் நண்பகல் தாண்டிச் சிட்னியில் இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்த்தார்கள். விளக்கொளியும் உணவு நேரமும் தூக்கத்தை எப்படி மாற்றுகின்றன என்று அவர்களிடமே ஆராய்ந்தார்கள். எரிபொருள் போதவேண்டும் என்பதற்காக அன்றும் ஏறியவர்கள் ஏறக்குறைய ஐம்பது பேர்தான்.

வழக்கமான சேவைக்கென்று அந்த நிறுவனம் ஆர்டர் கொடுத்திருப்பது ஏ350-1000 விமானங்கள். பின்பகுதியில் 20,000 லிட்டருக்குக் கூடுதல் தொட்டி. இதே ரக விமானத்தில் மற்ற நிறுவனங்கள் 300-க்கு மேல் இருக்கை போடுகின்றன, இதில் 238.