கிராஃப்ட் என்றால் ஒட்டு

“கால் நரம்ப உருவிட்டா அப்புறம் மாமா எப்பிடிப்பா நடப்பாக?”

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை கேட்டது. இதயத்திலிருந்து இரத்தத்தைக் கீழே கொண்டுவரும் பெரிய குழாயான வயிற்றுப் பெருந்தமனியில் மாமாவுக்கு வைத்திருந்த செயற்கைக் குழாயில் கிருமி பிடித்திருந்தது. அதை எடுத்துவிட்டு, அவர் தொடையிலிருந்தே ‘வெயின் கிராஃப்ட்’ வைப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார்.

அத்தை பயந்ததில் தப்பில்லை. யாழில் கட்டிய தந்தியும் நரம்பு, இலையில் ஓடும் கோடும் நரம்பு, ட்ரிப்ஸ் ஏற்ற நர்ஸ் தட்டித் தட்டித் தேடுவதும் நமக்கு நரம்புதான். இங்கே எடுப்பது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். பாடநூலில் அதன் பெயர் சிரை. தமனியைப் போலவே வடமொழி வழி வந்த சொல். எழுத்துக்குச் சரி. பேச்சில் ‘சிரை’ என்றால் சவரக் கத்தியைத்தான் தேடுவார்கள்!

கிராஃப்ட்டின் வேர், எழுத்தாணியைக் குறிக்கும் கிரேக்கச் சொல். நத்தம் பக்கத்து மாந்தோப்பில் ஒட்டுக் கட்டுகிறவர் குச்சியின் அடியைக் கூராகச் சீவுவதைப் பார்த்தால் காரணம் விளங்கும். அந்தச் சொல்லும் தோட்டத்திலிருந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனது. ஆகவே ‘ஒட்டு’ என்பதே பொருத்தம். என்ன, ஒட்டுமாவில் இரண்டு மரம். இங்கே ஒரே உடம்பு. அதனால் ‘தன்சிரை ஒட்டு’ என்பேன்.

டாக்ரான் போன்ற செயற்கை இழையில் செய்த குழாயில் கிருமிகள் படலம் கட்டிக்கொண்டால் மருந்து சரியாக உள்ளே போகாது. சொந்தச் சிரை கிருமியை இன்னும் நன்றாகத் தாங்கும். இதய பைபாஸுக்கு எடுக்கும் மெல்லிய சிரை பெருந்தமனிக்குப் போதாது. தொடையின் ஆழத்தில் ஓடும் தடித்த சிரை வேண்டும். இந்த முறையை அமெரிக்காவின் டல்லாஸில் அறுவை மருத்துவர் கிளாகெட்டின் குழுவினர் 1993-இல் விவரித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஆழத்தில் கிடக்கும் அந்தச் சிரைக்கு ஆங்கிலத்தில் வெகுகாலம் ‘மேலோட்டமான’ என்ற அடைமொழி இருந்தது. பெயரை நம்பி அதில் அடைத்த இரத்தக்கட்டியைச் சாதாரணமாக நினைத்துவிடும் ஆபத்து இருந்ததால், பிறகு அந்த அடைமொழியைக் கைவிட்டார்கள்.

சிரைக்குள் ஒருவழிக் கதவு மாதிரி வால்வுகள் உண்டு. புது இடத்தில் அவை இரத்தத்தை மறிக்காமலிருக்க, அவற்றை வெட்டிவிட வேண்டும். இல்லையென்றால் குழாயையே தலைகீழாகத் திருப்பித் தைக்க வேண்டும்.

அத்தையிடம் இவ்வளவும் சொல்லவில்லை. “இரத்தம் திரும்புறதுக்கு உள்ள வேற குழாய் இருக்கு அத்தை. கால் கொஞ்சம் வீங்கும், தலகாணி வச்சு உசத்தி வைக்கணும்” என்றேன்.

“அப்ப நரம்பு இல்லையா?” என்றார்.