பைலட் என்றால் வெள்ளோட்டம்

பெரிய மின் நிறுவனமோ எண்ணெய் நிறுவனமோ ஒரு ஸ்டார்ட்அப்பின் கருவியைத் தன் களத்திலேயே, சிறிய அளவில், குறித்த காலத்துக்கு ஓட்டிப் பார்ப்பதைத்தான் துறையில் ‘பைலட்’ என்கிறோம்.

சொல்லின் வேர் கடலில் இருக்கிறது. கிரேக்கத்தில் ‘பேடோன்’ என்றால் துடுப்பு. அதிலிருந்து சுக்கான் பிடிப்பவனுக்கு வந்த பெயர் இத்தாலியம், பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. நம்மிடம் அந்த ஆளுக்கு மீகாமன், நீகான் என்ற பெயர்கள் உண்டு. அகநானூற்று 255ஆம் பாட்டின் நீகான், மாடத்தில் எரியும் விளக்கைப் பார்த்துத்தான் துறை அறிகிறான்.

நாளிதழ்கள் ‘முன்னோடித் திட்டம்’ என்று எழுதுகின்றன. அது சரியில்லை. முன்னோடி என்றாலே பின்னால் பலர் வரப்போகிறார்கள் என்றாகிவிடும். பைலட்டில் அந்த உறுதி கிடையாது. ‘வெள்ளோட்டம்’ கச்சிதமாகப் பொருந்தும். புதுத் தேர் செய்து முடித்ததும், சாமி எழுந்தருளுமுன், அதே வடம் பூட்டி அதே வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். சக்கரம் எங்கே இறுகுகிறது, திருப்பத்தில் முட்டுக்கட்டைக்கு அடங்குகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

ஆய்வகத்தில் கருத்தைச் சோதிப்பது வேறு. அதற்குச் ‘செயல்விளக்கம்’ என்ற சொல் போதும். ஷெல் எண்ணெய் நிறுவனம் 1996இல் தொடங்கிய கேம்சேஞ்சர் திட்டம், பெரும்பாலும் அந்தத் தொடக்கக் கட்டத்துக்குப் பணம் தருவதற்காக அமைந்தது. 2017இல் போர்ச்சுகலின் இடிபி, ஜப்பானின் டெப்கோ, துபாயின் தேவா முதலிய மின் நிறுவனங்கள் சேர்ந்து ஸ்டார்ட்அப்புகளுக்காகத் தொடங்கிய ஃப்ரீ எலக்ட்ரான்ஸ் திட்டம், வெள்ளோட்டத்தையே குறிவைத்தது.

டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயின் சூட்டை அளக்கும் சென்சாரை எடுத்துக்கொள்வோம். 20 டிரான்ஸ்ஃபார்மர், 6 மாதம் என்று வைத்தால், அந்த ஆறு மாதத்தில் கோடை இருக்க வேண்டும். ஐப்பசியில் தொடங்கிப் பங்குனியில் முடித்தால் கத்திரி வெயிலில் ஏறும் சுமையைப் பார்க்காமலே போய்விடும். முந்தைய ஆண்டின் பழுதுப் பதிவேடு கையில் இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவது? அளவை அனுப்ப சென்சாரில் போட்ட சிம், மேசையில் நன்றாகப் பேசினாலும் இரும்புப் பெட்டிக்குள் வைத்ததும் சிக்னலை இழக்கலாம். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை என்றால், தீப்பற்றும் வாயு உள்ள பகுதிக்குரிய சான்றிதழ் இல்லாத கருவி உள்ளேயே போகாது. சான்றுக்குச் சில மாதம் ஆகலாம். அதையும் கால அட்டவணையில் சேர்க்க வேண்டும்.

ஆனால் வெள்ளோட்டங்கள் அதிகம் சாவது கருவியால் அல்ல. செலவைப் புத்தாக்கப் பிரிவு ஏற்கிறது; பிறகு வாங்க வேண்டியது இயக்கப் பிரிவு. அந்தப் பிரிவுப் பொறியாளருக்குத் தெரியாமல் ஓடிய கருவிக்கு அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் இடமிருக்காது. ஆகவே முதல் நாளே தாளில் மூன்று இருக்கட்டும்: எந்த எண்ணைத் தொட்டால் வெற்றி, தொட்டால் எத்தனை வாங்குவோம், என்ன விலைக்கு. டெண்டரில் விற்றுமுதல், முன்அனுபவ நிபந்தனைகளுக்கு ஸ்டார்ட்அப்புக்குத் தளர்வு உண்டா என்பதையும் கொள்முதல் பிரிவிடம் அன்றே கேட்டுவிட வேண்டும்.

‘பைலட் பண்ணுகிறோம்’ என்பதை ‘வெள்ளோட்டம் விடுகிறோம்’ என்று எழுதலாம். ‘பைலட் சைட்’ வெள்ளோட்டக் களம்.