படகில் பிழை இருந்தால் பிடித்துவிடுவோம்

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே பெரிய போர்க்கப்பல் ஒன்று சீறிப்பாய்வதாக ஒரு படத்தில் காட்டினால், பாம்பன் மீனவர்கள் திரையரங்கிலேயே சிரித்துவிடுவார்கள். அங்கே இருப்பவை மணல்திட்டுகள். பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஆனால் அதே படம் யாரை எதிரி என்கிறது, யாருடைய சாவுக்குச் சோக இசை வைக்கிறது என்பதை அவ்வளவு சுலபமாகப் பிடிக்க முடிவதில்லை. போர்ப்படத்தின் பிரசாரம் இங்கேதான் நுழைகிறது.

முதல் கருவி படத்தொகுப்பு. ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ், சலனமற்ற ஒரே முகத்தைச் சூப் கிண்ணத்துடனும் சவப்பெட்டியுடனும் மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துக்கத்தையும் கண்டார்கள் என்பார்கள். போர்ப்படத்தில் நம் சிப்பாயின் முகம் அண்மைக் காட்சியில் பெரிதாக வரும். அடுத்து வீட்டிலிருந்து வந்த கடிதம். எதிரியோ தூரத்தில் ஓடும் உருவம். முகமே இல்லாதவன் செத்தால் நமக்கு என்ன வலிக்கும்?

அடுத்தது நம்பகம். துப்பாக்கியும் விமானமும் நிஜமாக இருந்தால் கதையும் நிஜம் போலத் தோன்றுகிறது. ஆனால் நிஜ விமானந்தாங்கிக் கப்பல் ராணுவத்திடம்தான் இருக்கிறது. அமெரிக்காவில் பாதுகாப்புத் துறை திரைக்கதையைப் படித்துப் பார்த்து, ஒப்புக்கொண்டால்தான் தளவாடம் தரும். 1986இல் வந்த ‘டாப் கன்’ அப்படிக் கடற்படையின் உதவியோடு எடுக்கப்பட்டது. யாரும் மிரட்டுவதில்லை, ராணுவத்துக்குப் பிடிக்காத காட்சியைத் தயாரிப்பாளரே வெட்டிவிடுகிறார். எனக்கு இது நேரடித் தணிக்கையைவிடச் சாமர்த்தியமான ஏற்பாடாகப் படுகிறது.

எல்லாவற்றையும்விட வலுவான கருவி, காட்டாமல் விடுவது. இரண்டாம் உலகப் போரின்போது படமெடுக்கத் தேவையான கச்சா பிலிமின் கட்டுப்பாடு ஆங்கில அரசின் கையில் இருந்தது. போருக்கு ஆதரவான படங்களை எடுக்கும்படி அது தயாரிப்பாளர்களை நெருக்கியது. 1945இல் தமிழில் ‘மானசம்ரக்ஷணம்’ வந்தது; மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் ‘பர்மா ராணி’யை எடுத்தார். அதில் ஜப்பானியர் வில்லன்கள், ஆங்கிலேயர் பக்கம் நிற்கும் இந்திய விமானப்படையினர் நாயகர்கள். ராமநாதபுரம் சீமைக்கு பர்மாவும் மலாயாவும் பிழைப்புக்குப் போன ஊர்கள். 1942இல் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினார்கள். பலர் காடு மலை தாண்டி நடந்தே வந்தார்கள். தங்கிவிட்ட தமிழர்களில் பலர் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து ஜப்பானியரோடு நின்றார்கள். இந்தச் சீமைக்காரர்களும் அவர்களில் நிறைய. அந்தப் படையைப் பற்றிய செய்திக்கே அன்று தணிக்கை இருந்தது. அக்கரையில் மகன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று தெரியாமல் தொண்டியிலோ கீழக்கரையிலோ காத்திருந்த தாய்க்கு அன்றைய திரையில் இடமில்லை.

இவ்வளவும் செய்தால் மனம் மாறிவிடுமா? அமெரிக்க ராணுவத்துக்காக உளவியலாளர் கார்ல் ஹோவ்லண்ட் குழு இதை அளந்து, 1949இல் நூலாக வெளியிட்டது. பிரசாரப் படம் பார்த்த சிப்பாய்களுக்குப் போர்ச் செய்திகள் நன்றாக நினைவிருந்தன. சண்டைக்குப் போகும் ஆர்வம் மட்டும் குறிப்பிடும்படி உயரவில்லை. விசித்திரம் என்னவென்றால், சில கருத்துகள் படம் பார்த்த சில நாள்களில் இருந்ததைவிட ஒன்பது வாரம் கழித்து இன்னும் வலுத்திருந்தன. சொன்னது யார் என்பது மறந்துபோய், சொன்ன சேதி மட்டும் தங்கிவிடுவது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள்.

2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மாணவர்கள் சரியான வரலாற்றுப் பாடத்தைப் படித்தார்கள். அதோடு பிழையுள்ள திரைப்படத் துண்டுகளையும் பார்த்தார்கள். இரண்டும் முரண்பட்ட இடங்களில், ஏறத்தாழப் பாதிச் சமயம் படத்தின் பிழையையே விடையாக எழுதினார்கள். ‘படத்தில் தவறுகள் இருக்கலாம்’ என்று பொதுவாக எச்சரித்துப் பார்த்தார்கள்; பலனில்லை. இந்தக் காட்சியில் இந்தச் செய்தி தவறு என்று குறிப்பாகச் சுட்டியபோதுதான் பிழை வெகுவாகக் குறைந்தது.