வலைப்பதிவு: கப்பல் கயிற்றிலிருந்து வந்த சொல்

"நேற்று அவருடைய பிளாக்கில் படித்தேன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். தமிழில்தான் எத்தனை பிளாக்! அடுக்குமாடிக் குடியிருப்பில் பி பிளாக் இருக்கிறது. பழைய தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்றார்கள். வாட்ஸ்அப்பில் பிடிக்காத ஆளை பிளாக் செய்கிறோம். ஆங்கிலத்தில் blog, block, black என்று தனித்தனி எழுத்தும் ஒலியும் கொண்ட மூன்று சொற்கள் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. வலைப்பதிவு என்ற தமிழ்ச் சொல் வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதும். எனக்கு அந்தச் சொல்மேல் உள்ள பிரியத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்கு மூலச் சொல்லின் கதைக்குப் போக வேண்டும்.

முதலில் பொருள். ஒருவரோ சிலரோ தம் பெயரிலோ புனைபெயரிலோ தேதியிட்டுத் தொடர்ந்து எழுதி இணையத்தில் வைப்பது வலைப்பதிவு. புதியது மேலே இருக்கும், பழையது கீழே இறங்கிக்கொண்டே போகும்.

மூலச் சொல் 'வெப்லாக்'. வெப் என்பது வலை. லாக் என்பது மரக்கட்டை. ஆமாம், வெறும் மரக்கட்டைதான். அந்தக் காலப் பாய்மரக் கப்பலில் வேகத்தை அளக்க, நீண்ட கயிற்றின் நுனியில் ஒரு கட்டையைக் கட்டிப் பின்பக்கமாகக் கடலில் போடுவார்கள். கட்டை தண்ணீரில் போட்ட இடத்திலேயே நிற்க, கப்பல் விலகிப் போகப் போகக் கயிறு கையிலிருந்து ஓடும். 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 நொடி மணற்கடிகாரம் கொட்டி முடிவதற்குள் எத்தனை முடிச்சு கையைக் கடந்ததோ, அதுதான் வேகம். அதனால்தான் கப்பலின் வேகத்தை இன்றைக்கும் முடிச்சு என்ற பொருளில் 'நாட்' என்கிறார்கள். அந்தக் கணக்கையும், காற்று, திசை, அன்று நடந்தது எல்லாவற்றையும் எழுதிவைத்த ஏடு லாக்புக் ஆனது. நம் ஊர் அரசு ஜீப் ஓட்டுநர், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எழுதிவைக்கிறாரே, அந்த லாக்புக்கும் இந்தக் கட்டையின் பேரப்பிள்ளைதான்.

1997 டிசம்பரில் ஜோர்ன் பார்கர் என்ற அமெரிக்கர், தான் தினமும் இணையத்தில் படித்தவற்றுக்குச் சுட்டி கொடுத்து எழுதிவந்த பக்கத்துக்கு வெப்லாக் என்று பெயர் வைத்தார். 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் அதே சொல்லை வேறு இடத்தில் உடைத்து, 'வீ பிளாக்' என்று தன் பக்கத்தின் ஓரத்தில் எழுதினார். வெப்பில் இருந்த ப் நகர்ந்து லாக்கோடு ஒட்டிக்கொண்டது. நாம் பலகையை 'பல கை' என்று பிரித்து விளையாடுவோமே, அந்த மாதிரி விளையாட்டு. ஆனால் பிரித்ததில் 'நாங்கள்' என்ற பொருளுள்ள சொல் ஒன்று உள்ளே வந்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் பைரா லேப்ஸ் என்ற சின்ன நிறுவனம் பிளாகர் சேவையைத் தொடங்கியது. நிரல் எழுதத் தெரியாதவர்களும் எழுத வந்தார்கள். 2004இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி பிளாக் என்பதையே ஆண்டின் சொல்லாக அறிவித்தது.

அதற்குள் இந்தச் சொல்லின் பின்னால் ஒரு பலம் சேர்ந்திருந்தது. 2002 டிசம்பர் 5 அன்று, ஸ்ட்ராம் தர்மண்டின் நூறாவது பிறந்தநாள் விழாவில் அமெரிக்க செனட்டர் டிரென்ட் லாட் பேசினார். தர்மண்ட் 1948இல் நிறப் பிரிவினையை ஆதரித்து அதிபர் தேர்தலில் நின்றவர். அன்று அவர் வென்றிருந்தால் நாட்டுக்கு இவ்வளவு பிரச்சினை வந்திருக்காது என்கிற பொருளில் லாட் சொன்னதைப் பெரிய பத்திரிகைகளில் பெரும்பாலானவை முதலில் கண்டுகொள்ளவில்லை. ஜோஷ் மார்ஷல் போன்ற வலைப்பதிவர்கள் விடவில்லை. லாட்டின் பழைய பேச்சுகளைத் தோண்டி எடுத்துத் தினமும் எழுதினார்கள். டிசம்பர் 20 அன்று லாட், செனட்டில் தன் கட்சிக்குத் தலைவராக இருந்த பொறுப்பிலிருந்து விலகினார். எது செய்தி என்று தீர்மானிக்கும் வேலை ஆசிரியர் குழுவின் மேஜையில் மட்டும் நடக்க வேண்டியதில்லை என்பது அந்தப் பதினைந்து நாளில் தெரிந்துபோனது.

அந்த மேஜை எனக்கும் தெரியும். கல்லூரி நாட்களில் ஒரு வார இதழுக்குக் கதை அனுப்புவேன். சுயவிலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய உறையைக் கூடவே வைக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து அதே உறை, என் கையெழுத்தையே சுமந்துகொண்டு வீட்டுக்குத் திரும்பி வரும். உள்ளே, 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்று அச்சடித்த துண்டுச்சீட்டு. கதை ஏன் பிடிக்கவில்லை என்று ஒரு வரி இருக்காது. 2005இல் எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில், தமிழில் தட்டச்சு செய்ய உதவும் எ-கலப்பை மென்பொருள் இருந்த ஒரே கணினிக்காகக் காத்திருந்து, நாலு பத்தி தட்டி, வெளியிடு என்பதை அழுத்தினேன். பக்கத்துக் கணினியில் திறந்தால் கட்டம் கட்டமாக வந்தது, யூனிகோடு எழுத்துரு இல்லை. ஆனால் மறுநாள் கனடாவிலிருந்து ஒருவர் படித்துவிட்டு, இரண்டாம் பத்தி இழுக்கிறது என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்குத்தான் நான் அத்தனை தபால்தலை ஒட்டினேன்.

அப்படி வந்து விழுவதற்குத் தமிழில் 'பின்னூட்டம்' என்று பெயர் வைத்தார்கள். பின்னால் வந்து ஊட்டுவது. எவ்வளவு நல்ல சொல்! பலருடைய வலைப்பதிவுகளையும் ஓரிடத்தில் சேர்த்துக் காட்டியது 'திரட்டி'. 2004இல் வந்த தமிழ்மணம் அப்படிப்பட்டது. அப்புறம் பின்னூட்டத்தைப் பார்த்து அனுமதிக்கும் மட்டுறுத்தல், புதிதாக எழுதியதைத் தானாகக் கொண்டுவந்து தரும் செய்தியோடை, பதிவர் சந்திப்பு. எந்தக் குழுவும் கூடி ஒப்புதல் தராமல், எழுதுகிறவர்களே எழுதிக்கொண்டிருக்கும்போது கண்டெடுத்த சொற்கள் இவை. அதனால்தான் பிழைத்திருக்கின்றன என்று நினைக்கிறேன்.

வலைப்பூ என்றும் ஒரு சொல் உண்டு. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பூ சாயங்காலம் வாடிவிடும். நாளும் தேதியும் போட்டு எழுதிவைத்தது வாடக் கூடாது. லாக் என்பதன் உள்ளே இருக்கும் அந்த எழுதிவைத்தல், பதிவில்தான் இருக்கிறது.

பதி என்ற வினையைப் பாருங்கள். ஈரச் சிமெண்டில் நாயின் கால் பதிகிறது. சொன்னது மனதில் பதிகிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிகிறோம். பதிப்பும் பதிப்பகமும் இதே வேர். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிவைத்த நாட்குறிப்பு அசலான பதிவு. வலை மட்டும்தான் இல்லை. அவர் காலத்துக்கு வெகு பின்னால்தான் அது அச்சேறி ஊர் கைக்கு வந்தது.

பதியமும் இந்த வேர்தான். அம்மா மல்லிகைக் கொடியை வளைத்து, ஒரு கணுவை மண்ணுக்குள் அழுத்தி, எழும்பாமல் இருக்க மேலே ஒரு செங்கல் துண்டை வைப்பாள். சில வாரத்தில் கணுவில் வேர் விட்டுவிடும். பிறகு தாய்க்கொடியிலிருந்து வெட்டிவிடலாம். நர்சரிக்குப் போய் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வலைப்பதிவு என்று எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தச் செங்கல் துண்டு ஞாபகம் வரும்.

எழுதும் முறை பற்றி இரண்டு விஷயம். வலையில் இடும் பதிவு என்பதால் நடுவில் ப் வரும்: வலைப்பதிவு, வலைப்பதிவர். 'வலை பதிவு' என்று பிரித்து எழுதுவது பிழை. அடுத்தது, தளம் முழுவதும் வலைப்பதிவு, அதில் ஒரு நாள் எழுதிய ஒன்று இடுகை. கோலம் இடுகிறோம், கையெழுத்து இடுகிறோம், அந்த இடு. இந்த வேறுபாட்டைக் காப்பாற்ற அன்று பலர் பின்னூட்டத்தில் மல்லுக்கட்டினோம். பலிக்கவில்லை. ஒற்றை இடுகையையும் மக்கள் பதிவு என்றே சொல்லிவிட்டார்கள். ஃபேஸ்புக்கில் நாலு வரி எழுதினாலும் இப்போது அது பதிவுதான். என் மகள் வலைப்பதிவே பார்த்ததில்லை. ஆனால் போனைக் கீழே வைக்கும்போது, "பதிவு போட்டாச்சுப்பா" என்கிறாள்.