மகரந்தம்: தேனா, தூளா?

செம்பருத்தியின் நடுவே நீண்டு நிற்கும் குழலைத் தொட்டால் விரலில் மஞ்சள் தூள் ஒட்டிக்கொள்ளும். அதற்கு மகரந்தம் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் வடமொழியில் மகரந்தம் என்பது பூவின் தேன். தூளுக்கு அங்கே பராகம் என்று தனிச்சொல் உண்டு. தெலுங்கிலும் மலையாளத்திலும் மகரந்தம் தேன்தான்; தூளைத் தெலுங்கர் புப்பொடி என்றும் மலையாளிகள் பூம்பொடி என்றும் சொல்கிறார்கள். தமிழிலோ தேனின் பெயர் தூளின் மேல் ஏறிக்கொண்டது. வண்டு இரண்டையும் தேடி ஒரே பூவுக்குத்தானே வருகிறது. குழப்பம் அங்கேதான் தொடங்கியதோ என்னவோ!

தூளைத் தாங்கும் ஆண் உறுப்பு மகரந்தத்தாள். இந்தத் தாள் காகிதம் அன்று; நெல்லின் தாள் என்கிறோமே, அந்தத் தண்டு. கீழே மெல்லிய கம்பி, உச்சியில் தூள் நிறைந்த பை. இலங்கைப் பாடநூல்கள் இதைக் கேசரம் என்கின்றன.

பெண் உறுப்புக்குக் கடன் வாங்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. மழை மேகத்தையும் கதிர் விடவிருக்கும் பயிரையும் சூல் கொண்டது என்று சொன்ன மொழி இது. சூலகம், சூல்முடி, சூல்தண்டு, சூற்பை எல்லாம் அந்த ஒரு வேரில் கிளைத்தவை. செம்பருத்தியில் மகரந்தக் கம்பிகள் ஒன்றாக ஒட்டியே அந்தக் குழல் உருவாகிறது. அதற்குள் நுழைந்து மேலே எட்டிப்பார்ப்பது சூல்தண்டு. அதன் நுனியில் தெரியும் ஐந்து சிவப்புப் பொட்டுகள் சூல்முடிகள். தூள் அங்கே வந்து விழுவதுதான் மகரந்தச் சேர்க்கை. கருவுறுதல் அதற்குப் பிறகு: விழுந்த தூள் மெல்லிய குழாய் ஒன்றை வளர்த்துச் அடியிலுள்ள சூற்பை வரை இறக்கி, அதற்குள் இருக்கும் சூலை அடைய வேண்டும். பிறகு சூல் விதையாகும், சூற்பை கனியாகும். மகரந்தச் சேர்க்கையையும் கருவுறுதலையும் ஒன்றாக்கி எழுதும் பழக்கம் தேர்வுத்தாளோடு நிற்பதில்லை.

வெளியே மொட்டைக் காக்கும் புல்லி இதழும், வண்டை அழைக்கும் அல்லி இதழும் தமிழ்ச் சொற்களே.

தூளுக்கும் பழைய சொல் இல்லாமலில்லை. அகநானூற்றின் 4ஆம் பாடலில் தலைவன் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். ‘தாது உண் பறவை’, அதாவது பூவில் மேயும் வண்டு, மணியோசையில் கலங்கிவிடக் கூடாதாம். அந்தத் தாது இந்தத் தூள்தான். இன்றைக்குத் தாது என்றால் இரும்புத் தாதும் தாது உப்பும் முன்னால் வந்து நிற்கின்றன. ஆகவே பூந்தாது என்று எழுதுவது என் வழக்கம். மகரந்தச் சேர்க்கையில் மட்டும் கை வைக்கவில்லை. தாதுச் சேர்க்கை என்று எழுதிப் பார்த்தேன், உலோக ஆலை வாடை அடித்தது.